எபாக்சியில் கிராஃபீன் கலப்பது எப்படி: கட்டி தட்டாமல், கணக்குத் தப்பாமல்

கிராஃபீன் என்பது ஓர் அணு தடிமனுள்ள கரித் தாள். குறையில்லாத ஒற்றைக் கிராஃபீன் தாளின் விறைப்பு சுமார் 1 டெராபாஸ்கல், வலிமை சுமார் 130 கிகாபாஸ்கல் என்று 2008-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அளந்து சொன்னார்கள். ஹார்டனர் சேர்த்தால் இறுகும் பிசினான சாதாரண எபாக்சியின் விறைப்பு 3 கிகாபாஸ்கலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். எடையில் 1 சதவீதம் கிராஃபீன் சேர்த்தால் அது கன அளவில் ஏறக்குறைய அரை சதவீதம். சில்லுகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கும் என்று பதினைந்தில் எட்டுப் பங்கு (8/15) மட்டும் எடுத்துக்கொண்டாலும், விறைப்பு 2.7 கிகாபாஸ்கல் கூட வேண்டும். அதாவது கிட்டத்தட்ட இரட்டிப்பு. நடைமுறையில் 10 முதல் 30 சதவீதம் கூடினாலே நல்ல கலவை.

மிச்சம் மூன்று வழியில் ஒழுகிப் போகிறது. முதலாவது, சில்லுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. கட்டி என்பது வலுவூட்டி அல்ல, விரிசல் தொடங்கும் இடம். இரண்டாவது, பாலிமரிலிருந்து பாரம் சில்லுக்கு ஏறுவதற்கே விளிம்பிலிருந்து சில மைக்ரோமீட்டர் நீளம் தேவைப்படுகிறது. 1 மைக்ரோமீட்டர் சில்லு முழுப் பாரத்தை வாங்குவதற்குள் அதன் மறுமுனை வந்துவிடும். மூன்றாவது, சில்லில் அடுக்குகள் அதிகமானால் சீட்டுக்கட்டு போல உள்ளே வழுக்கும். வெளி அடுக்குகள் மட்டும் இழுபடும், நடுவில் இருப்பவை சும்மா எடை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை அடைக்கத்தான். பொடியை அதிகம் போட்டு ஈடுகட்டலாம் என்று நினைத்தால் முதல் ஓட்டை இன்னும் பெரிதாகும்.

எந்தப் பொடி வாங்குவது

சந்தையில் கிராஃபீன் என்று விற்பதெல்லாம் கிராஃபீன் அல்ல. 60 நிறுவனங்களின் பொடிகளைச் சோதித்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலானவற்றில் 10 அடுக்குக்குட்பட்ட சில்லுகள் பத்து சதவீதம்கூட இல்லை. மிச்சம் மெல்லிய கிராஃபைட். எபாக்சி வலுவூட்ட மெல்லிய நானோதகடுகளே போதும் என்பதால் இது பேரிடி இல்லை. ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

விவரத்தாளில் நான்கு எண்களைக் கேளுங்கள்: சராசரித் தடிமன், பக்கவாட்டு அகலம், பி.ஈ.டி. பரப்பளவு (வாயு ஒட்டுவதை வைத்து அளக்கும் மேற்பரப்பு), ஆக்சிஜன் சதவீதம். இதில் பரப்பளவு நேர்மையான சாட்சி. ஒற்றைத் தாளின் கோட்பாட்டுப் பரப்பு கிராமுக்கு 2630 சதுர மீட்டர். அதைத் தாளில் இருக்கும் எண்ணால் வகுத்தால் சராசரி அடுக்கு எண்ணிக்கை தோராயமாகக் கிடைத்துவிடும். 120 சதுர மீட்டர் என்றால் சுமார் 22 அடுக்கு. 30 என்றால் 80-ஐத் தாண்டும். அதைக் கிராஃபைட் விலைக்குத்தான் வாங்க வேண்டும். பரப்பு அதிகமிருந்தால் நல்லதுதானே என்று 700-க்குப் போகாதீர்கள்: அந்தப் பொடிகளில் சில்லுகள் பொதுவாக மிகச் சிறியவை, ரெசினைச் சட்டென்று பசையாக்கிவிடும், காற்றுக்குமிழ் வெளியேறாது. முதல் முறை செய்பவர்களுக்கு 5 மைக்ரோமீட்டர் அகலம், 100 முதல் 150 சதுர மீட்டர் பரப்புள்ள நானோதகடு கைக்கு அடங்கும். விறைப்புதான் குறி என்றால் பின்னால் 15 அல்லது 25 மைக்ரோமீட்டர் சில்லுக்கு மாறலாம்.

கிராஃபீன் ஆக்சைடு வேறு சரக்கு. அதன் மேலுள்ள ஆக்சிஜன் தொகுதிகள் எபாக்சியோடும் அமீனோடும் ஒட்டும், கலப்பதும் எளிது. ஆனால் மின்சாரம் கடத்தாது, தாளின் சொந்த விறைப்பும் குறைவு. உலர்ந்த கிராஃபீன் ஆக்சைடைச் சூடாக்கினால் வெப்பம் உமிழ்ந்து திடீரென்று சிதைந்து வெடித்துப் பறக்கும். அதை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் உலர்த்தவே கூடாது.

நானோதகட்டுப் பொடி அவ்வளவு முரடு இல்லை என்றாலும் காற்றில் மிதக்கும், நுரையீரலுக்குப் போகும், மின்கடத்தியானதால் பக்கத்திலிருக்கும் மின்னணுச் சாதனங்களில் படிந்து குறுக்குச் சுற்று உண்டாக்கும். காற்றை உள்ளிழுத்து வெளியேற்றும் புகைக் கூண்டுக்குள் எடை போடுங்கள், பி3 தர வடிகட்டியுள்ள முகக்கவசம் போடுங்கள். கூண்டின் காற்றிழுப்பு பொடியையே தூக்கிக்கொண்டு போகும். எடை போடும் நேரம் மட்டும் கூண்டின் முன்கண்ணாடியை நன்றாக இறக்கி வையுங்கள். ரெசினை இறுக வைக்கும் அமீன் ஹார்டனர் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் போகாது. நைட்ரைல் கையுறையைக் கழற்றாதீர்கள்.

அளவுக் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு பிஸ்பீனால்-ஏ வகை ரெசின், எபாக்சி சமான எடை (ஒரு மோல் எபாக்சி தொகுதி உள்ள ரெசினின் கிராம் எடை) 188. ஹார்டனர் மூலக்கூறு எடை சுமார் 230 உள்ள பாலிஈதர் டையமீன், அமீன் ஹைட்ரஜன் சமான எடை (அதேபோல ஒரு மோல் வினைபுரியும் ஹைட்ரஜனுக்கு) 60. 100 கிராம் ரெசினுக்கு வேண்டிய ஹார்டனர் 100 × 60 ÷ 188 = 32 கிராம். மொத்தம் 132 கிராம். வேலைக்கு ஒரு ஹார்டனர் என்று மாற்றினால் இந்தக் கணக்கையும் மாற்றுங்கள். டெட்டா (டிரைஎத்திலீன்டெட்ராமீன்) ஹார்டனர் என்றால் 13 கிராம்தான் வரும், ஆனால் அது வேகமாக இறுகும், பெரிய கலவையில் கொதித்துப் பொங்கும். கிராஃபீன் கலந்த ரெசினில் குமிழ் நீக்க நேரம் தேவை என்பதால் மெதுவான ஹார்டனரே நல்லது.

மொத்த எடையில் 0.25 சதவீதம் கிராஃபீனுக்கு 0.33 கிராம். 0.1 சதவீதத்துக்கு 0.13 கிராம், 0.5-க்கு 0.66 கிராம், 1-க்கு 1.33 கிராம். குறைவாகத் தெரிகிறதா? 2009-இல் அமெரிக்காவின் ரென்சலர் பாலிடெக்னிக்கில் வெறும் 0.1 சதவீதத்தில் எபாக்சியின் விறைப்பு 31, இழுவிசை வலிமை 40, முறிவுத் தாங்குதிறன் 53 சதவீதம் கூடியதாக அளந்தார்கள். எல்லாப் பொடியும் எல்லாக் கையும் இதைத் தராது. ஆனால் திசை அதுதான்: 0.1, 0.25, 0.5 என்று மூன்று கலவை செய்து பாருங்கள், 1 சதவீதத்தில் தொடங்காதீர்கள். வலிமை பெரும்பாலும் அரை சதவீதத்துக்குள்ளேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். விறைப்பு மட்டும் அதன் பிறகும் கொஞ்சம் ஏறும்.

இவற்றோடு வெற்று மாதிரி ஒன்று கட்டாயம். கிராஃபீன் இல்லாத ரெசினை அதே அசிட்டோனில் கரைத்து, அதே நேரம் சோனிகேட் செய்து (மீயொலியால் அதிரவைத்து), அதே வெற்றிட அடுப்பில் வைத்து வார்க்க வேண்டும். டப்பாவிலிருந்து நேராக ஊற்றிய எபாக்சியோடு ஒப்பிட்டால், அசிட்டோன் மிச்சம் செய்த கெடுதலும் கூடுதல் குமிழ் நீக்கம் செய்த நன்மையும் கிராஃபீன் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

கலக்கும் முறை

1. 500 மி.லி. பீக்கரில் 330 மி.லி. அசிட்டோன் எடுத்து 0.33 கிராம் பொடியைப் போடுங்கள். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற இந்த விகிதத்தைத் தாண்டினால் சில்லுகள் பிரிந்த வேகத்திலேயே மறுபடி ஒட்டும்.

2. பீக்கரைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, 13 மி.மீ. முனையுள்ள சோனிகேட்டரை 1 முதல் 2 செ.மீ. ஆழம் இறக்குங்கள். முனை அடியைத் தொடக் கூடாது. 40 சதவீத வீச்சு, 5 நொடி ஓட்டம், 5 நொடி ஓய்வு. ஓட்ட நேரம் மட்டும் மொத்தம் 30 நிமிடம். வெப்பநிலை 20 டிகிரியைத் தாண்டினால் நிறுத்திப் பனிக்கட்டியை மாற்றுங்கள். அசிட்டோன் ஆவி தீப்பற்றும், ஆகவே இது முழுக்கப் புகைக் கூண்டுக்குள் நடக்க வேண்டும், அருகில் தீப்பொறி தரும் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் ஓட்டினால் இன்னும் நன்றாகப் பிரியும் என்று தோன்றும். பிரியும், கூடவே சில்லுகளும் உடைந்து குட்டையாகும்.

3. பீக்கர், கிளறுகாந்தம் இரண்டின் எடையையும் சேர்த்து முன்பே குறித்து வைத்த வேறொரு பீக்கரில் 100 கிராம் ரெசினை 60 டிகிரிக்குச் சூடாக்கி இளக்குங்கள். சூடு ஆறி 40 டிகிரிக்கு வந்ததும் அசிட்டோன் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். நேராக 60 டிகிரி ரெசினில் ஊற்றினால் 56 டிகிரியில் கொதிக்கும் அசிட்டோன் பொங்கி வழியும். மீண்டும் பனிக்கட்டியில் 15 நிமிடம் சோனிகேட் செய்யுங்கள்.

4. சூடுதட்டில் 70 டிகிரியில் கிளறிக்கொண்டே அசிட்டோனைப் போக்குங்கள். கிளறுவது நின்றால் அரை மணிக்குள் அடியில் கரும்படலம் தட்டும். அசிட்டோன் வாசனை மறைந்ததும் 70 டிகிரி வெற்றிட அடுப்பில் ஓர் இரவு வையுங்கள். முதல் சில நிமிடம் வெற்றிடத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் நுரை பீக்கரைத் தாண்டும்.

5. எடை போடுங்கள். மறுபடி இரண்டு மணி நேரம் வைத்து எடை போடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 கிராமுக்குள் வந்தால்தான் அடுத்த படி.

இந்த ஐந்தாவது படியைத்தான் எல்லோரும் அவசரத்தில் தாண்டுகிறார்கள். தங்கிவிட்ட அசிட்டோன் எபாக்சியை மென்மையாக்கும், கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலையை (கெட்டியான எபாக்சி ரப்பர் போல இளகத் தொடங்கும் சூட்டை) இறக்கும். அது மட்டுமா, முதல்நிலை அமீனோடு வினைபுரிந்து கீட்டிமீன் ஆகிவிடுவதால் ஹார்டனர் விகிதமும் குலையும். கிராஃபீன் தந்ததை அசிட்டோன் வாங்கிப் போன கலவைகள் ஏராளம். இந்தத் தொல்லை வேண்டாமென்று கொதிநிலை 202 டிகிரியுள்ள என்.எம்.பி. கரைப்பானுக்குப் போகாதீர்கள், கிராஃபீனை அருமையாகப் பிரிக்கும், ஆனால் ரெசினிலிருந்து அதை வெளியேற்ற முடியாது.

ஹார்டனர் ஊற்றுவதற்கு முன் ஒரு பார்வை: கலவையில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மேல்மூடிக் கண்ணாடியால் அழுத்தி, 10 மடங்கு பொருள்வில்லையில் பாருங்கள். 5 மைக்ரோமீட்டர் சில்லு வாங்கியிருக்கும்போது 20, 30 மைக்ரோமீட்டர் கரும்புள்ளிகள் தென்பட்டால் கட்டி பிரியவில்லை. பீக்கரில் பார்த்தால் 0.1 சதவீதமே கன்னங்கரேல் என்றுதான் இருக்கும். கண்ணை நம்பி எதுவும் சொல்ல முடியாது. கட்டி இருந்தால் அசிட்டோனுக்கே திரும்பிப் போகத்தான் வேண்டும்.

இறுக வைப்பது

கலவையை 40 டிகிரிக்கு ஆற்றி, அதே பீக்கரிலேயே 32 கிராம் ஹார்டனர் சேருங்கள். வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் சுவரில் ஒட்டிய ரெசின் கணக்கைக் கெடுக்கும். கிண்ணத்தில் 97 கிராம்தான் மிஞ்சியிருந்தால் ஹார்டனரும் 31 கிராம். காற்று உள்ளே இழுபடாமல் மெதுவாக 8 முதல் 10 நிமிடம் கிளறி, சுவரையும் அடியையும் வழித்துவிட்டு, 40 டிகிரியில் 15 நிமிடம் வெற்றிடத்தில் குமிழ் நீக்குங்கள்.

சிலிக்கோன் அச்சை 50 டிகிரிக்கு முன்சூடாக்கி, ஒரு மூலையிலிருந்து நூல் போல ஊற்றுங்கள். ஏ.எஸ்.டி.எம். டி638 என்ற சோதனைத் தரம் சொல்லும் முதல் வகை இழுவைத் துண்டின் நீளம் 165 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ.; ஒன்றுக்குச் சுமார் 10 கிராம் கலவை பிடிக்கும். 132 கிராமில் எட்டுத் துண்டு நிம்மதியாக வரும், மிச்சம் நுண்ணோக்கிக்கு.

இந்த ஹார்டனருக்கு வழக்கமான இறுக்கம் 80 டிகிரியில் 2 மணி நேரம், பிறகு 125 டிகிரியில் 3 மணி நேரம். கிராஃபீன் இருக்கும்போது நேராக 80-க்கு ஏற்றினால் ஒரு சிக்கல் உண்டு. இறுகுவதற்கு முன்னால் ரெசின் சூட்டில் தண்ணீர் போல இளகும், அந்த நேரத்தில் சில்லுகள் நகர்ந்து மறுபடி கூடிவிடும். முதலில் 50 முதல் 60 டிகிரியில் வைத்துக் கெட்டியாகும் வரை காத்திருங்கள். குச்சியால் தொட்டால் நூல் இழுக்கும் பதம் வந்த பிறகு 80-க்குப் போகலாம். மிஞ்சிய கலவையில் ஒரு துளியை இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து அதே அடுப்பில் சேர்த்தே இறுக்குங்கள். முன்பு பார்த்த துளியோடு இதை ஒப்பிட்டால், கட்டி கலக்கும்போது வந்ததா, அடுப்பில் வந்ததா என்று தெரிந்துவிடும். அடுப்பை அணைத்து உள்ளேயே ஆற விடுங்கள். சூட்டோடு வெளியே எடுத்தால் துண்டு வளையும்.

இழுத்துப் பார்க்கும்போது

குறைந்தது ஐந்து துண்டு. விறைப்பை ஐ.எஸ்.ஓ. 527 சொல்வதுபோல 0.05 முதல் 0.25 சதவீத நீட்சிக்கு இடையில் அளக்க வேண்டும், அதற்குத் துண்டின் மேலேயே மாட்டி நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் தேவை. இயந்திரத் தலையின் நகர்வை வைத்துக் கணக்கிட்டால் பிடியின் வழுக்கலும் சட்டத்தின் தளர்வும் அதில் சேர்ந்துவிடும். 10 சதவீத உயர்வைத் தேடும்போது அந்தப் பிழையே அதைவிடப் பெரியது. பிடிக்குள் முறிந்த துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள். முறிவுத் தாங்குதிறனுக்கு ஏ.எஸ்.டி.எம். டி5045 முறையில் வெட்டுப்பள்ளத்தின் நுனியில் புதிய சவர அலகை வைத்துத் தட்டிக் கூர்மையான விரிசல் உண்டாக்க வேண்டும். அலகை அழுத்தி அறுத்தால் நுனி மழுங்கும், எண் பொய்யாக உயரும்.

விறைப்பு கூடி வலிமை குறைந்ததா? கட்டிதான், பெரும்பாலும். முறிந்த முகத்தைப் பாருங்கள்: விரிசல் கிளம்பிய இடத்தில், வழவழப்பான வட்டத்தின் நடுவில் ஒரு கரும்புள்ளி உட்கார்ந்திருக்கும். அங்கே புள்ளிக்குப் பதில் உருண்டையான குழி இருந்தால் அது குமிழ். கிராஃபீனைக் குறை சொல்லாமல் வெற்றிட நேரத்தைக் கூட்டுங்கள். விறைப்பும் வலிமையும் சேர்ந்தே குறைந்து நீட்சி மட்டும் கூடியிருந்தால் அசிட்டோன் மிச்சம் அல்லது ஹார்டனர் விகிதம். கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலையை டி.எஸ்.சி.-யில் (சூடாக்கும்போது பொருள் வாங்கும் வெப்பத்தை அளக்கும் கருவி) அளந்து வெற்று மாதிரியோடு ஒப்பிட்டால் உறுதியாகும். துண்டின் அடிப்பக்கத்தை மெல்லியதாகச் சீவிப் பார்க்கும்போது மேல்பக்கத்தைவிடக் கறுப்பாக இருந்தால் சில்லு படிந்திருக்கிறது: கிராஃபீனின் அடர்த்தி 2.2, எபாக்சிக்கு 1.15 அளவில், ஊற்றும்போது கலவை அளவுக்கு மீறி இளகலாக இருந்திருக்கிறது. எண்கள் துண்டுக்குத் துண்டு தாவினால் முதலில் துண்டின் ஓரங்களை நைசான உப்புத்தாளால் தேய்த்துவிட்டுச் சோதியுங்கள், பாதிச் சிதறல் அதிலேயே அடங்கும்.

ஒன்றுமே மாறவில்லை என்றால் பொடியைச் சந்தேகப்படுங்கள், அல்லது சில்லும் எபாக்சியும் தொடும் இடைமுகத்தை. சிலேன் போன்ற இணைப்பு வேதிப்பொருள்கள் ஒட்டுவதற்கு மேற்பரப்பில் ஹைட்ராக்சில் வேண்டும். ஆக்சிஜனே இல்லாத சுத்தமான நானோதகட்டில் அவை விளிம்பில் மட்டும் கொஞ்சம் ஒட்டும். சிலேன் வேலை செய்ய வேண்டுமென்றால் ஓரளவு ஆக்சிஜன் உள்ள தரத்தை வாங்க வேண்டும்.

கரைப்பான் இல்லாமல்

மூன்று உருளை அரவை இயந்திரம் கிடைத்தால் அசிட்டோன் வழியை மறந்துவிடலாம். 97 கிராம் ரெசினில் 3 கிராம் பொடியைக் கையால் பிசைந்து, உருளை இடைவெளியை 120 மற்றும் 40 மைக்ரோமீட்டரில் தொடங்கி, 60-20, 30-10, கடைசியில் 15-5 என்று இறக்கிக்கொண்டே ஓட்டுங்கள். கடைசி இடைவெளியில் மூன்று முறை. எடுத்தவுடன் 5 மைக்ரோமீட்டரில் வைத்தால் கட்டிகள் உள்ளே நுழையாமல் உருளைமேலேயே உருண்டுகொண்டிருக்கும், கீழே விழுவது வெறும் ரெசின். இங்கே ரெசின் கெட்டியாக இருப்பதே உதவி. கெட்டியாக இருந்தால்தான் உராய்வு விசை சில்லைப் பிரிக்கும். ஆகவே மூலக்கலவையை 3 சதவீதத்தில் அரைத்துவிட்டுப் பிறகு நீர்க்கச் செய்ய வேண்டும். 0.25 சதவீதக் கலவைக்கு இதில் 11 கிராம், வெற்று ரெசின் 89.3 கிராம், ஹார்டனர் 32 கிராம்.

பாலிப்ரொப்பிலீன், நைலான் என்றால்

உருக்கிக் கலக்கும் பாலிமர்களில் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர்தான் கருவி. பொடி பஞ்சு போல லேசானது, ஊட்டுத்தொட்டியில் பாலம் கட்டி இறங்காமல் நிற்கும். அதனால் இங்கும் 10 சதவீத மூலக்கலவை செய்துகொண்டு இரண்டாம் சுற்றில் 1 முதல் 2 சதவீதத்துக்கு இறக்குவது வழக்கம். பாலிப்ரொப்பிலீனுக்கு 190 முதல் 210 டிகிரி. கிராஃபீனோடு அதற்கு ஒட்டுறவே கிடையாது, மலெயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிப்ரொப்பிலீனை 5 சதவீதம் அளவில் சேருங்கள். நைலான் 6-க்கு 230 முதல் 250 டிகிரி. 80 டிகிரியில் வெற்றிடத்தில் ஓர் இரவு உலர்த்தாமல் உள்ளே விட்டால் ஈரம் சங்கிலிகளை அறுத்துவிடும்.

இந்த இரண்டிலும் முடிவுகளைப் படிக்கும்போது ஒரு சூது உண்டு. கிராஃபீன் படிகக் கருவாக வேலை செய்து பாலிமரின் படிகத்தன்மையைக் கூட்டலாம். கூடிய விறைப்பில் ஒரு பங்கு அதனால் வந்திருக்கும். டி.எஸ்.சி.-யில் உருகு வெப்பத்தை அளந்து, கிராஃபீன் எடையைக் கழித்துவிட்டு, பாலிப்ரொப்பிலீன் என்றால் முழுப் படிகத்துக்குரிய கிராமுக்கு 207 ஜூலால் வகுத்துப் பாருங்கள், படிகப் பங்கு தெரியும். அதோடு, ஊசிவார்ப்பில் சில்லுகள் ஓட்டத் திசையிலேயே படுத்துக்கொள்ளும். இழுவைத் துண்டும் அதே திசையில்தான் வார்க்கப்படுகிறது என்பதால் கிடைப்பது பொருளின் உச்ச எண். தகடாக வார்த்து, ஓட்டத்தின் நெடுக்கே மூன்று, குறுக்கே மூன்று என்று துண்டு வெட்டி இழுத்தால்தான் அந்தப் பாகம் நிஜத்தில் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியும்.